இடது ஷூக்கள் போன இடம்

பிப்ரவரி 3
விடுதி, மாடி அறை

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என் அக்காவுக்கு,

"கல்லாவில்" என்று எழுதும்போதே எனக்கு மனசு குதிக்கிறது. அப்பாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்றும், அவர் பெரியம்மா வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்கும்வரை கடை உன் பொறுப்பு என்றும் அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். இங்கே ஒருவருக்கு ஐந்து நிமிஷம்தான் போன். பாதி நேரம் நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்ற விசாரணையிலேயே போய்விட்டது. ஆனாலும் முக்கியமானது காதில் விழுந்துவிட்டது. அப்பா ஊன்றுகோலை விட்டதும் கடைக்கு வந்து பார்ப்பாராம். வியாபாரம் ஏறியிருந்தால் கடை உனக்கு. இல்லாவிட்டால் பக்கத்துக் கண்ணாடிக்கடை மாமா நடுச்சுவரை இடித்துத் தன் கடையைப் பெரிதாக்கிக்கொள்வார். அந்தச் சுவரில்தானே நாம் இருவரும் உயரம் அளந்து கோடு போட்டிருக்கிறோம்? அதை இடிக்க விடக் கூடாது.

அதனால் உனக்கு உதவ முடிவு செய்துவிட்டேன். சிரிக்காதே. எங்கள் நூலகத்தில், கடையில் விற்பவர்களுக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது என்று ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது. இதுவரை யாரும் எடுத்ததில்லை போலிருக்கிறது, அட்டையைத் திறந்தால் புதுக்கதவு மாதிரி கிரீச்சென்றது. படித்துக்கொண்டே போனால் நம் கடையைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

யோசித்துப் பார். பெரியவர் மழைக்கு ஒதுங்கி நிற்பவருக்கும் ஒரு ஜோடி ஷூ விற்றுவிடுவார். சிட்டு அக்கா ஆள் வந்தால் பறப்பாள், ஆள் இல்லையென்றால் கண்ணாடி முன்னால் நிற்பாள். நம் நெட்டை ஏணி அண்ணன் கிடங்கைவிட்டு வெளியே வரவே மாட்டார். மூன்று பேருக்கும் ஒரே சம்பளம். பெரியவர் வருஷம் முழுக்க மூக்கால் அழுவது இதற்குத்தானே? யார் விற்கிறார்களோ, அந்த ஜோடிக்கு அவர்களுக்கே கமிஷன் என்று வை. எல்லோரும் பெரியவர் மாதிரி ஆகிவிடுவார்கள். புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இதுதான்.

வாசல் தட்டில் இருக்கும் அந்தப் பழுப்பு நிறக் கட்டு ஷூ இன்னும் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன். லீவில் அதன் வலது காலைப் போட்டுப் பார்த்தேன். இடது காலைக் கேட்டால் வாங்கத்தான் வேண்டும் என்று ஆகிவிடுமே என்று கேட்கவில்லை.

உன் தங்கை


பிப்ரவரி 10
கடை

மதிப்பிற்குரிய நீதிபதி அம்மாவுக்கு,

ஆறு வயதில் யாருக்குப் பெரிய கேக் துண்டு என்று ஸ்கேல் வைத்து அளந்து தீர்ப்பு சொன்னவள், இப்போது கமிஷனுக்கு வந்துவிட்டாய். பரவாயில்லை, எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

கல்லாவில் அப்பா உட்கார்ந்தபோது கடை எப்படியோ நடந்தது. நான் உட்கார்ந்தால் பெரியவர், "பாப்பா, இருபது வருஷமா ஜனங்க காலடியில உட்கார்ந்திருக்கேன். கண்ணாடி பார்க்கிறவளுக்கும் எனக்கும் ஒரே சம்பளக் கவரா?" என்று காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை கேட்கிறார். சிட்டு அதைக் கேட்டுக்கொண்டே கண்ணாடியில் முடியைச் சரிசெய்கிறாள். கண்ணாடிக்கடை மாமா தினமும் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். நலம் விசாரிப்பது என்னிடம் இல்லை, சுவரிடம்.

உன் யோசனையைச் செய்துபார்க்கிறேன். சம்பளத்தில் கை வைக்கமாட்டேன், அதன்மேல் கமிஷன். விற்றவர் தன் பேரை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு என்னிடம் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு சந்தேகம். ஏணியை என்ன செய்வது? அவர் விற்பதே இல்லையே. உன் புத்தகம் கிடங்கு ஆட்களைப் பற்றி என்ன சொல்கிறது?

பழுப்பு ஷூ இருக்கிறது. சும்மாதான் பதில் சொன்னேன்.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

கடிதத்தை வகுப்பிலேயே பிரித்துவிட்டேன், கணக்கு டீச்சர் பார்த்துவிட்டார், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏணி அண்ணன் விற்பதில்லை, அதனால் அவருக்குச் சம்பளம் மட்டும் போதும். புத்தகத்தில் கிடங்கைப் பற்றி ஒன்றும் இல்லை. அட்டவணையில் தேடிப் பார்த்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அவர் பேசியே நான் கேட்டதில்லை.

உடனே ஆரம்பி. ஒவ்வொரு வாரமும் என்ன நடந்தது என்று எழுது. இங்கே என் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டி வைத்திருக்கிறேன். கோடு மேலே ஏற இடம் விட்டிருக்கிறேன்.

காத்துக்கொண்டிருக்கும் தங்கை


மார்ச் 1

நீதிபதி அம்மா,

உன் வரைபடத்தில் கோட்டை மேலே ஏற்று. நன்றாக ஏற்று. சிட்டு கண்ணாடியை மறந்தே போனாள். பெரியவர் வாசலுக்கே வந்து நிற்கிறார். முதல் ஒரு வாரம் கடை திருமண வீடு மாதிரி இருந்தது. நான் மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே சீட்டு எண்ணினேன். அப்பாவுக்கும் எழுதிப் போட்டேன்.

ஆனால் ஒரு விநோதம் நடக்கிறது. நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். தட்டில் வலது ஷூ மட்டும் வைப்போம், யாராவது கிளப்பிக்கொண்டு போனாலும் ஒற்றைக் காலை வைத்து என்ன செய்வார்கள்? இடது கால் பெட்டிக்குள், கிடங்கில். இப்போது பெட்டியைத் திறந்தால் வெறும் காகிதம்தான் இருக்கிறது. இடது ஷூக்கள் காணாமல் போகின்றன. கறுப்பு அலுவலக ஷூவில் நன்றாகப் போகும் அளவுகள் எல்லாம் போய்விட்டன. பெண்கள் பக்கத்திலும் அப்படியே. அந்தப் பழுப்புக் கட்டு ஷூவும்தான்.

ஒற்றைக் காலாக எடுக்கிற திருடன் எங்கேயாவது உண்டா? கிடங்கில் எலி மருந்து வைத்தேன். எலி மருந்து அப்படியே இருக்கிறது, ஷூதான் குறைகிறது.

அக்கா


மார்ச் 9

இன்று நீதிபதி என்று எழுத மனம் வரவில்லை.

ஒரு அம்மா மகளோடு வந்தாள். பெரியவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சிட்டு, "போன வாரமே என்கிட்டே பேசிட்டுப் போனாங்க" என்று மறு கையைப் பிடித்தாள். அந்த அம்மா நடுவில் நின்று, "நான் என்ன பஸ்ஸா, ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீங்க?" என்று கேட்டாள். கடைசியில் ஒரு ஷூ பிடித்துப்போய், இடது காலைக் கொண்டுவரச் சொன்னால், ஏணி கிடங்கு வாசலில் நின்று, "இல்ல" என்றார். அவர் இந்த மாதம் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான். அந்த அம்மா போய்விட்டாள். நம் வாசலில் இறங்கும்போது கண்ணாடிக்கடை மாமா கதவைத் திறந்துவைத்து அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

சிட்டுவும் பெரியவரும் பேசிக்கொள்வதில்லை. ஏணி யார் கேட்டாலும் மெதுவாகத்தான் நடக்கிறார். கோடு இறங்கிவிட்டது. அப்பா ஊன்றுகோலோடு பெரியம்மா வீட்டுத் தெருமுனை வரை நடக்கிறாராம், அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். நான் நாட்காட்டியில் நாள் எண்ணினேன்.

நீ அங்கே மாடி அறையில் உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாக யோசனை சொல்கிறாய். இங்கே மூன்று பேர் முகத்தை நான் தினமும் பார்க்க வேண்டும். அந்தப் புத்தகத்தை நூலகத்திலேயே வைத்துவிடு. கொஞ்ச நாள் எழுதாதே.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் மூன்று நாள் இருந்தேன். வரைபடத்தைக் கிழித்துவிட்டேன். அழுதேன் என்றும் எழுத நினைத்தேன், ஆனால் அது உனக்கு இன்னொரு வேலையாகிவிடும். அதனால் அழவில்லை என்றே வைத்துக்கொள்.

ஆனால் இன்று மத்தியானம் ஒன்று நடந்தது. இதை எழுதாமல் இருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும். இடது ஷூக்கள் எங்கே என்று எனக்குத் தெரியும்.

எங்கள் நூலகத்தில் ஒரு கடல்கதை இருக்கிறது, மூன்று பாகம். முதல் இரண்டைப் படித்துவிட்டேன். மூன்றாவதற்கு நாலு பேர் காத்திருக்கிறோம். ஒருவருக்கு ஒரு சமயத்தில் ஒரு புத்தகம்தான், என் கையில் சம்பளப் புத்தகம். அதனால் போன வாரம் நான் அந்த மூன்றாம் பாகத்தைப் பெரிய உலகப்படப் புத்தகத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டேன். யாரும் தொடமாட்டார்கள். இன்று நூலகர் அம்மா, "புத்தகம் தொலைஞ்சு போச்சு" என்று தேடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "அய்யோ, யார் எடுத்திருப்பாங்க" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

திருட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. புத்தகம் நூலகத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் எனக்கு மட்டும் இருக்கிறது.

உன் கடையிலும் அதுதான். ஷூ வெளியே போகவில்லை. இடது கால் என் கையில் இருந்தால் அந்த ஜோடியை என்னைத் தவிர யாராலும் விற்க முடியாது. பெரியவர் உட்காரும் முக்காலிக்கு அடியில் பார். சிட்டு அக்காவின் கண்ணாடிக்குப் பின்னால் பார். ஏணி அண்ணன் ஒளித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன், ஆனாலும் மேல்தட்டைப் பார்.

திட்டாமல் தேடு. அவர்களை அப்படிச் செய்யவைத்தது என் மூன்றாம் அத்தியாயம்தான்.

கடல்கதையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். உடனே வேறொருத்தி எடுத்துப்போய்விட்டாள்.

தங்கை


மார்ச் 22

என் நீதிபதி அம்மாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

கடையைச் சாத்தினேன். மூன்று பேரையும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். நூலகத்தில் ஒரு பெண் உலகப்படத்துக்குப் பின்னால் கதைப்புத்தகம் ஒளித்த கதையைச் சொன்னேன், யார் என்று சொல்லவில்லை. பாதியிலேயே சிட்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எழுந்து போய்க் கண்ணாடியைச் சுவரிலிருந்து நகர்த்தினாள். பின்னாலிருந்து ஆறு இடது கால்கள் வந்து விழுந்தன. "அக்கா, நான்தான் முதல்ல ஆரம்பிச்சேன்னு நினைக்காதீங்க" என்றாள்.

பெரியவர் முக்காலியின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "எழுந்திரிங்க பெரியவரே" என்றேன். "முழங்கால் வலி" என்றார். சிட்டு அவரைக் கையைப் பிடித்துத் தூக்கினாள், பேசாமல் இருந்தவர்கள் அதில் பேசிக்கொண்டார்கள். முக்காலியின் மெத்தையைத் தூக்கினால் அடியில் இருந்த பெட்டிக்குள் அடுக்கடுக்காகக் கறுப்பு ஷூ. குழந்தை போட்டுவைத்த பொம்மைப் பெட்டி மாதிரி இருந்தது.

கடைசியில் ஏணி எழுந்தார். கையை நீட்டி மேல்தட்டிலிருந்து, யாருக்கும் எட்டாத இடத்திலிருந்து, ஒவ்வொன்றாக இறக்கினார். அவரும்தான். நான் ஏன் என்று கேட்டேன். ரொம்ப நேரம் ஷூவையே துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "என்கிட்ட வந்து ஒருத்தராவது கேட்கட்டுமேன்னுதான்" என்றார்.

நீ விற்காதவர் என்று சொன்னவர் அவர். நானும் ஒத்துக்கொண்டேன். நீ மட்டும் தவறு செய்ததாக நான் எழுதிய கடிதத்தை மறந்துவிடு.

எல்லாம் கிடைத்துவிட்டது, ஒன்றைத் தவிர. அந்தப் பழுப்பு. அதைப் பற்றிக் கேட்காதே.

இப்போது பெரிய சேதி. எதிர்த்தெரு ஆஸ்பத்திரியில் எல்லா நர்சுகளுக்கும் வெள்ளை ஷூ வாங்கப்போகிறார்கள், இனி ஒவ்வொரு வருஷமும். தலைமை நர்ஸ் வந்து பேசினார். முனையில் இருக்கும் பெரிய கடைக்கும் நமக்கும் ஆளுக்கொரு நாள் சோதனை. வேலை மாறும் நேரத்தில் கும்பல் கும்பலாக வருவார்கள், ஒரு கும்பலுக்கு அரைமணிதான், காலுக்குப் பொருந்தாத ஷூ ஒன்றுகூடப் போகக் கூடாது. அடுத்த மாதம் மூன்றாம் சனிக்கிழமை நம் முறை. அப்பாவும் அன்றைக்கே வருகிறார்.

கமிஷனை நிறுத்தினால் பெரியவர் அந்தப் பெரிய கடைக்குப் போய்விடுவேன் என்கிறார். வைத்திருந்தால் இடது காலெல்லாம் மறுபடியும் மெத்தைக்குள் போய்விடும். என்ன செய்யட்டும்? இந்த முறை அத்தியாயம் வேண்டாம். நீயே யோசி.

அக்கா


மார்ச் 28

அக்கா, அக்கா,

பழுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. யாராவது வாங்கிவிட்டார்களா என்று மட்டும் கேட்கிறேன், அது வேறு கேள்வி.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் என் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருவர் வாசலில் ஏறியதிலிருந்து ஷூவோடு இறங்கும்வரை என்னென்ன நடக்கிறது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வலது காலைக் காட்டி ஆசை மூட்டுகிறவர் ஒருவர். இடது காலைக் கொண்டுவருகிறவர் ஒருவர். ஒற்றைக் காலை யாரும் வாங்கமாட்டார்கள் என்று நம் கடைக்குத்தானே நன்றாகத் தெரியும்? அப்புறம் ஏன் சீட்டில் ஒரே ஒரு பேர்?

சீட்டை நடுவில் கோடு போட்டுப் பிரி. "வலது" என்று ஒரு பக்கம், "இடது" என்று ஒரு பக்கம். வலதுக்கு ஒருவர், இடதுக்கு இன்னொருவர். இரண்டிலும் ஒரே பேர் இருக்கக் கூடாது, அப்படி இருந்தால் கமிஷனே இல்லை. இரண்டு பேருக்கும் சம பங்கு. யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் இருக்கலாம்.

இப்போது பெரியவர் இடது காலை மெத்தைக்குள் ஒளித்தால் என்ன லாபம்? அதை அவர் கொண்டுவந்து அவரே விற்க முடியாது. வேறொருவரை நம்பித்தான் ஆக வேண்டும். ஏணி அண்ணனிடம் எல்லோரும் வந்து கேட்பார்கள்.

எழுதும்போதே காதெல்லாம் சூடாக இருக்கிறது. எங்கே இடிக்கும் என்று நீ சொல். இங்கிருந்து எனக்கு மூன்று பேர் முகமும் தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

தங்கை


ஏப்ரல் 5

நீதிபதி அம்மா,

எங்கே இடிக்கும் என்று கேட்டாய். உடனே இடித்தது. பெரியவர் சீட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "நான் அரைமணி வாய் வலிக்கப் பேசுவேன். அவன் பெட்டியை எடுத்து நீட்டுவான். ரெண்டு பேருக்கும் சமமா? இதுதான் பாப்பா உங்க வீட்டு நியாயமா?"

எனக்கும் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அதனால் வாக்குவாதம் செய்யவில்லை. "இந்தச் சனிக்கிழமை ஒருநாள் உங்க இடதை நீங்களே எடுத்துக்கோங்க, முழு கமிஷனும் உங்களுக்கே" என்றேன். அன்று கூட்டம். அவர் கிடங்குக்குள் போய் வலியோடு மர ஏணியில் ஏறிப் பெட்டி தேடி இறங்கி வருவதற்குள், அவர் பேசி வைத்த ஆள் ஒன்று போயிருப்பார், இல்லை சிட்டுவிடம் உட்கார்ந்திருப்பார். சிட்டு இடது காலை ஏணியிடம் வாங்கினாள். அவள் குரல் கேட்டவுடனே அவர் எடுத்துக் கொடுத்தார். பகல் சாப்பாட்டு நேரத்தில் பெரியவர் தன் டீயை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்து, "சரி, கோடு போட்டுக்கோ பாப்பா" என்றார்.

ஆனால் சிட்டு விடவில்லை. "பத்துப் பெட்டி இறக்கி வைக்கிறோம், அந்தம்மா ஒண்ணும் வேண்டாம்னு போயிடறா. அந்த உழைப்புக்கு யார் பேரு?" என்றாள். சீட்டை அவளிடமே நீட்டினேன். கடைசியில் அவளே சொன்னாள். இரண்டு பங்கை மூன்றாக்கினோம். வலது ஒன்று, இடது ஒன்று, மூன்றாவது ஒரு பொது உண்டியலுக்கு. அதை மாதக் கடைசியில் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது. பெரியவருக்குக் குறையாமலிருக்க மொத்தக் கமிஷனையும் கொஞ்சம் ஏற்றினேன். கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

இப்போது ஏணியைக் கூப்பிடும் விதத்தைக் கேட்க வேண்டும். "ஏணித் தம்பி, சாப்பிட்டியா?" என்கிறார் பெரியவர்.

நர்சுகள் வரும் சனிக்கிழமையை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

பொது உண்டியல் எனக்குத் தோன்றவே இல்லை. சிட்டு அக்காவிடம் சொல், அவள்தான் நான்காம் அத்தியாயம்.

சனிக்கிழமை எனக்கு வரலாற்றுப் பரீட்சை. எழுதுகிற நேரம் பார்த்து நர்சுகள் உன் வாசலில் ஏறுவார்கள். நான் பேரரசுகளைத் தப்பும் தவறுமாக எழுதினால் அதற்கு நீதான் பொறுப்பு. வெள்ளை ஷூவை அளவு வாரியாக முன்கூட்டியே பிரித்து வை. கிடங்குக் கதவைக் கழற்றிவிட்டால் என்ன? திறந்து மூடுகிற நேரம் மிச்சம்.

அப்பாவை வாசலிலேயே நிற்கவைக்காதே, உட்கார நாற்காலி போடு. பயப்படாதே. நான் பயந்துகொள்கிறேன், நமக்கு ஒருவர் போதும்.

தங்கை


ஏப்ரல் 20

என் தங்கமே,

கதவைக் கழற்றினோம். உன் யோசனையிலேயே சிறந்தது அதுதான்.

முதல் கும்பல் காலையில் வந்தது, தூங்கி எழுந்து வந்தவர்கள், சிரித்துப் பேசினார்கள். பெரியவர் வலது, ஏணி இடது, சிட்டு இரண்டுக்கும் நடுவில் பறந்தாள். அரைமணிக்குள் எல்லோரும் வெள்ளைக் காலோடு இறங்கிப் போனார்கள். அந்த நேரத்தில்தான் அப்பா அம்மாவோடு வந்தார், ஊன்றுகோல் இல்லாமல். பின்னாலேயே கண்ணாடிக்கடை மாமா, கையில் அளவு நாடாவோடு. மூன்று பேருக்கும் நாற்காலி போட்டேன்.

இரண்டாவது கும்பல் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு நேராக வந்தவர்கள். கண் சிவந்து, நிற்கவே முடியாமல் நின்றார்கள். பெரியவர் வழக்கம்போல ஆரம்பித்தார், ஷூவின் பெருமை, தோலின் பெருமை. ஒரு நர்ஸ், "கொஞ்சம் பேசாம இருக்கீங்களா" என்றாள். அவர் பேச்சுத்தான் நம் கடை. நான் அப்பா பக்கம் திரும்பினேன்.

பெரியவர் முக்காலியிலிருந்து எழுந்தார். கிடங்கு வாசலுக்குப் போய், "தம்பி, நீ போய் உட்கார். இவங்களுக்கு நீதான் சரி. இடதை நான் எடுத்துத் தரேன்" என்றார்.

ஏணி வெளியே வந்தார். அவ்வளவு உயரமும் மடங்கி அந்த முக்காலியில் உட்கார்ந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நர்சின் காலை அளவுப் பலகையில் வைத்தார், வலதைப் போட்டார், விரலால் முனையை அழுத்திப் பார்த்தார், தலையாட்டினார். இடது வருவதற்குள் அவள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். அவர் எழுப்பாமல் லேஸ் கட்டினார். பார்த்தவர்கள் எல்லோரும் ஏணி முன்னால் வரிசையில் நின்றுவிட்டார்கள். பெரியவர் உள்ளே பெட்டி பிரித்தார், சிட்டு கொண்டுவந்து கொடுத்தாள். எட்டாத தட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. கண்ணாடிக்கடை மாமா தன்னையறியாமல் நாற்காலி மேல் ஏறி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசி நர்ஸ் இறங்கியதும் அப்பா சீட்டுகளைக் கேட்டார். ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இதை யார் வித்தது?" என்றார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "தெரியலப்பா. இங்க இப்போ அப்படித்தான்."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். அப்புறம் கண்ணாடிக்கடை மாமாவிடம், "சுவரை விடுப்பா. அதுல இடது காலுக்கு ஒரு அலமாரி அடிக்கப்போறா என் பொண்ணு" என்றார். மாமா அளவு நாடாவை நீட்டி, "அலமாரிக்கு நானே அளந்து தரேன்" என்றார். நம் உயரக் கோடுகளை மறைக்காமல்தான் அளந்தார், நான் பக்கத்திலேயே நின்றேன். தலைமை நர்ஸ் நேற்று வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இனி ஒன்று பாக்கி. இதோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பிரித்துவிட்டு மீதியைப் படி.

உன் முதல் கடிதம் வந்த அன்றே, கமிஷன் பேச்செல்லாம் வருமுன்பே, அந்தப் பழுப்பு ஷூவின் இடது காலை எடுத்துக் கல்லாப் பெட்டிக்குக் கீழே ஒளித்து வைத்தேன். யாரும் விற்றுவிடக் கூடாதென்று. உனக்கு மட்டும் இருக்கட்டும் என்று. ஏணி அதைத் தேடியிருக்கிறார். பெட்டி காலி என்று சிட்டுவிடம் சொல்லியிருக்கிறார். பெரியவர்தான் பதுக்கிவிட்டார் என்று நினைத்து, சிட்டு தன் பங்குக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிக்க ஆரம்பித்திருக்கிறாள். அதைப் பார்த்துப் பெரியவர் மெத்தையைத் தூக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்தவள் நான்தான். நேற்று மூன்று பேரிடமும் சொன்னேன். சிட்டு சிரித்துச் சிரித்து முக்காலியிலிருந்து விழுந்தாள். பெரியவர், "இதுல முதலாளியம்மா எலி மருந்து வேற வச்சாங்க" என்றார்.

சீட்டையும் வைத்திருக்கிறேன். இடது பக்கம் என் பேர். வலது பக்கம் காலியாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

பார்சலை விடுதிக் கூடத்திலேயே பிரித்தேன். ஒற்றை ஷூ வந்து விழுந்ததும் எல்லோரும் என் அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். உன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். ஏணி அண்ணன் எழுப்பாமல் லேஸ் கட்டுகிற இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை, பக்கத்துக் கட்டில்காரி வாங்கி மீதியைப் படித்தாள்.

இடது கால் கச்சிதமாக இருக்கிறது. இரவு அதைப் போட்டுக்கொண்டே படுத்தேன்.

வரலாற்றுப் பரீட்சை எப்படி என்று கேட்காதே. கடல்கதை மூன்றாம் பாகம் என் முறை வந்துவிட்டது, ஆனால் எனக்குப் பின்னால் ஒருத்தி காத்திருக்கிறாள், நாளைக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை லீவு விடுகிறார்கள். இடது காலில் புது ஷூ, வலது காலில் பழைய செருப்பு, அப்படியேதான் பஸ் ஏறப்போகிறேன். பஸ்ஸில் யாராவது என் காலைப் பார்த்துக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். இன்னொன்று எங்கே என்று கேட்டால் சொல்வதற்குப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன். எங்கள் கடையில் இருக்கிறது.

பேனாவைக் கல்லாவில் எடுத்து வை. சீட்டில் ஒரு பேர் எழுத வேண்டியிருக்கிறது.

வலது காலுக்காக வரும் தங்கை